ஆறு வறண்டிருக்கும் மாதங்களில் எங்கள் உறுப்பினர் கோட்டையில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் எங்கள் தொகுதியைச் சேர்ந்த அன்பர் ஒருவர், சட்டமன்ற உறுப்பினரைக் கண்ணால் பார்த்து ஒரு மாதமாகிறது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வரவில்லை, தெருவில் ஒரு பெரிய சாவு விழுந்தபோதும் வரவில்லை, அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் சென்னையில் இருக்கிறார் என்கிறார்கள், வாக்குக் கேட்க மட்டும் வாசல்படி ஏறுகிறார் என்பது அவருடைய குறை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் சொல்லும் அந்த ஒரு மாதம் எந்த மாதம்? சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கக் கேட்கும் விவாதம், நடந்துகொண்டிருக்கிற மாதம். இந்த மாதத்தில் எங்கள் உறுப்பினர் ஊரோடு இருந்து, கும்பாபிஷேகத்தில் மாலை வாங்கிக்கொண்டிருந்தால், குறை சொல்லி உங்களுக்குக் கடிதம் எழுதியிருப்பவன் நான்தான்.

நான் ஆற்றுப் பாசனத்தில் லஸ்கராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆறில்லாத மாவட்டத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: லஸ்கர் என்றால் மதகுக் கதவுகளை ஏற்றி இறக்குபவன், இரவில் டார்ச் விளக்கோடு கரையில் நடந்து எங்கே கசிகிறது, எங்கே எலிப்பொந்து இருக்கிறது என்று பார்ப்பவன், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நீர்மட்டம் பார்த்துக் குறித்து வைப்பவன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நாளிதழ் வாசிக்காத நாள் மட்டும் கிடையாது.

உறுப்பினரின் பெயரையும் கட்சியையும், எங்கள் ஊர், ஆறு இவற்றின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயரைப் போட்டால் பாதிப் பேர் இது அவருடைய ஆள் எழுதிய கடிதம் என்பார்கள். மீதிப் பேர் கட்சியைப் பார்த்துவிட்டு வாசிக்காமலே பக்கத்தைத் திருப்புவார்கள். நான் அவருக்கு வாக்களித்தேனா என்பது எனக்கும் வாக்குப் பெட்டிக்கும் உள்ள விஷயம். வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில், கடற்காற்று வீசினால் உப்பு வாடை தெரிகிற தூரத்தில் உள்ள ஒரு ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படுவது வழக்கம். திறந்த மூன்று நான்கு நாட்களில் கல்லணையில் பூப்போட்டுத் திறப்பார்கள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, வெண்ணாற்றுத் தண்ணீர் நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மறுபடியும் மூன்றாகப் பிரிகிறது. பிரிந்து பிரிந்து எங்களிடம் வந்து சேரும்போது நுரையையும் சருகையும் முன்னால் தள்ளிக்கொண்டு, அரையடி உயரத்தில் மெல்ல ஊர்ந்து வரும். பிள்ளைகள் அதன் முன்னே ஓடுவார்கள். ஜனவரி 28-க்குப் பிறகு ஆறு வற்றத் தொடங்கும். பிப்ரவரி கடைசியில் படுகையில் ஆடு மேயும்.

ஆற்றில் செய்யவேண்டிய அத்தனை வேலைக்கும் அந்த நான்கு மாதங்கள்தான் கணக்கு. மதகுக் கதவைக் கழற்றுவது, பெயர்ந்துபோன தளத்தைப் பூசுவது, கரையை உயர்த்துவது, பெரிய ஏ, பி வாய்க்கால்களிலிருந்து வயலோரத்துச் சிறிய சி, டி வாய்க்கால் வரை தூர்வாருவது, நெய்வேலிக் காட்டாமணக்கையும் வெங்காயத்தாமரையையும் வேரோடு வாரிப் போடுவது எல்லாம் ஆறு வறண்டிருக்கும்போதே முடிய வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த பிப்ரவரி வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதே நான்கு மாதங்களில்தான் கோட்டையில் நிதிநிலை அறிக்கை வைக்கிறார்கள். 2021 முதல் வேளாண்மைக்குத் தனியாக ஒரு நிதிநிலை அறிக்கையும் வைக்கிறார்கள். பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை. எந்த ஆற்றில் எந்த மதகுக்குப் பணம் என்பது அந்தக் கொள்கை விளக்கக் குறிப்புகளுக்கும் அறிவிப்புகளுக்கும் உள்ளே எங்கோ ஒரு வரியாக இருக்கிறது. அந்த வரி இடம்பெற்று, ஆணை வந்து, ஒப்பந்தம் கோரி, ஆள் இறங்கி வேலை முடிப்பதற்குள் ஜூன் 12 வந்துவிடுகிறது. சில ஆண்டுகளில் அதுவரைகூடப் பொறுப்பதில்லை. 2022-இல் மானியக் கோரிக்கை விவாதம் மே 10-ஆம் தேதி வரை நடந்தது. மேட்டூர் அணையை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். இடையே 14 நாட்கள். 2024-இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. எந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே பேரவை கூடியிருக்கும் நாட்களில் எங்கள் ஆற்றைப் பற்றிக் கேட்க ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் இங்கே இருந்தால் அந்த இடத்தில் வேறு யாரும் எங்களுக்காக எழுந்து நிற்கப் போவதில்லை.

நான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் ஒரு மதகு.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஐந்து கண், அதாவது கதவு வைத்த ஐந்து திறப்பு, கொண்ட மதகு ஒன்று இருக்கிறது. கடைமடை மதகுக்கு மற்ற மதகுகளைவிட ஒரு வேலை அதிகம். பாசனக் காலத்தில் ஆற்று நீரைத் தேக்கி வாய்க்காலில் ஏற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் ஐந்து கண்களையும் தூக்கி விட வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் மேற்கே உள்ள சம்பாப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். கோடையில் ஆறு வற்றியதும் கடல் நீர் ஆற்று வழியே மேலேறும். அப்போது கதவை இறுக மூடி உப்பைத் தடுக்க வேண்டும். மூன்றாவது கண்ணின் கதவில், அடித்தகடு உப்பில் அரித்து ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. கதவைத் தூக்கும் திருகுத் தண்டும் வளைந்துபோய், பாதி ஏறியதும் சிக்கிக்கொள்ளும். நான் வேலையில் இருந்த கடைசி ஆண்டுகளில் அந்த ஓட்டையை வைக்கோல் பிரியும் மணல் மூட்டையும் வைத்து அடைத்தேன். கடல் ஏற்றம் வரும் இரவுகளில் மூட்டை நகர்ந்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் மதகுக்கு மேற்கே படுகையில் தேங்கிய தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். ஆற்றுத் தண்ணீர் எப்போதும் அப்படித் தெளியாது. தெளிந்திருந்தால் அது கடல் தண்ணீர். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு கோடை அப்படியே போனதும் கரையோரத்துக் கைப்பம்புகளில் தண்ணீர் கரித்தது. உளுந்து தெளித்திருந்த வயல்களில் கீழைப்பக்கத்து மூன்று மா (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) அளவுக்கு முளைத்த செடி நுனி கருகி நின்றது.

நான் எழுதிய அறிக்கைகளுக்குக் கணக்கில்லை. எனக்கு மேலே இருந்தவர்களும் எழுதினார்கள். கோப்பு போகும், கேள்வி கேட்டுத் திரும்பி வரும். யாரையும் குற்றம் சொல்லி இங்கே எழுத நான் விரும்பவில்லை. கோப்புக்குக் கால் கிடையாது, யாராவது தள்ள வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்கள் உறுப்பினர் மதகைப் பார்க்க வந்தார். சனிக்கிழமை இரவு சென்னையில் ரயில் ஏறி, ஞாயிறு முழுக்கத் தொகுதியில் சுற்றிவிட்டு, அன்றிரவே மன்னை எக்ஸ்பிரஸில் திரும்புவது கூட்டத்தொடர் காலத்தில் அவருடைய வழக்கம். கூட வந்தவர்கள் கரையிலேயே நின்றார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி என்னோடு மூன்றாம் கண்வரை வந்தார். ஓட்டைக்குள் கையை விட்டார். முழங்கைவரை போனது. வெளியே எடுத்தபோது உள்ளங்கை நிறையத் துருச் செதில், அப்பளத்தை நொறுக்கியதுபோல. அதைக் கைக்குட்டையில் கொட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இது எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, எழுத்தில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

வைத்திருந்தேன். அலுவலகப் பதிவேடு தவிர எனக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வருவது என் வழக்கம். எந்தத் தேதியில் எந்தக் கண் எத்தனை அடி ஏறியது, எந்த நாள் சிக்கியது, எத்தனை மூட்டை வைத்தேன் என்று அதில் இருக்கும். ஒரு பருவத்தில் மூன்றாம் கண் முழுதும் ஏறாமல் நின்ற நாட்கள் 19. அந்தப் பக்கத்தையும் மற்ற இரண்டு பக்கங்களையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்து, கதவின் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, இந்த மதகை நம்பி எத்தனை வாய்க்கால் இருக்கிறது, மேற்கே எத்தனை ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தாமே எழுதினார். சாலை கேட்டோ சமுதாயக்கூடம் கேட்டோ வந்தவர்களை அன்று அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். அவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் என் அக்கா இறந்துபோனார். எனக்குத் தாய்போல இருந்தவர். இளம் வயதில் தாலியறுத்து எங்கள் வீட்டிலேயே இருந்து என் பிள்ளைகளை வளர்த்தவர். ஊரே வந்தது. பிற கட்சிக்காரர்கள்கூட மாலை வைத்தார்கள். நம் உறுப்பினர் வரவில்லை. ஒரு வாரத்துக்கு முன் என் திண்ணையில் உட்கார்ந்து என் அக்கா கையால் மோர் வாங்கிக் குடித்த மனிதர் வரவில்லையே என்று அன்று எனக்கும் மனம் கசந்தது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. உங்களுக்கு எழுதிய அன்பரின் வருத்தம் எனக்குப் புரியும் என்பதற்காகவே சொல்கிறேன்.

பதினாறாம் நாள் கருமாதி. குளத்தங்கரையில் காரியம் நடந்துகொண்டிருந்தது. பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஈரத்துணியோடு நான் உட்கார்ந்திருந்தபோது, கல்லூரியில் படிக்கும் என் பேரன் செல்பேசியோடு ஓடி வந்தான். "தாத்தா, நம்ம மதகு" என்றான். பேரவையில் கேள்வி நேரத்தை 2022 ஜனவரி முதல் நேரலையில் காட்டுகிறார்கள் அல்லவா, அது. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. பேரன் துண்டை விரித்து நிழல் பிடித்தான். புரோகிதரும் மந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

எங்கள் ஊர்ப் பெயர் அந்த மண்டபத்தில் ஒலித்தது. கடைமடை மதகின் பழுதான கதவை மாற்றியமைக்க அரசு முன்வருமா என்பது கேள்வி. நிதிநிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்பது பதில். இந்தப் பதிலை நாம் எத்தனை முறை செய்தித்தாளில் படித்திருக்கிறோம். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். நம் உறுப்பினர் துணைக்கேள்விக்கு எழுந்தார். மூன்றாவது கண் என்றார். ஒரு சாண் ஓட்டை, நானே கையை விட்டுப் பார்த்தேன் என்றார். ஒரு பருவத்தில் 19 நாட்கள் அந்தக் கதவு ஏறவில்லை, ஏறாத நாட்களில் மேற்கே இன்னின்ன ஊர்களில் தண்ணீர் நின்றது, கோடையில் உப்பு ஏறுகிறது, ஜூன் 12-க்குள் முடிக்காவிட்டால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று நான் திண்ணையில் சொன்ன வரிசையிலேயே சொன்னார். முழுதும் இரண்டு நிமிடம்கூட இருக்காது. அமைச்சர் கையிலிருந்த தாளை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பொறியாளர்களை அனுப்பி உடனே ஆய்வு செய்யச் சொல்கிறேன், தேவையானது செய்து தரப்படும் என்றார்.

அக்காவின் காரியத்தில் நான் அழுததற்கு அதுவும் ஒரு காரணம். அவர் வந்து மாலை வைத்திருந்தால் அது மறுநாள் வாடியிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவையில் ஒரு பதில் கிடைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. ஒன்பதாம் நாள் பொறியாளர்கள் வந்து அளந்தார்கள். அந்தக் கோடையில் ஓட்டைக்கு இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். திருகுத் தண்டை நிமிர்த்திக் கிரீஸ் போட்டார்கள். கதவை மாற்றவில்லை. பேரவையில் அமைச்சர் "செய்து தரப்படும்" என்றால் அது அரசின் உறுதிமொழி. அந்த உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்க்கவே உறுப்பினர்கள் அடங்கிய அரசு உறுதிமொழிக் குழு ஒன்று பேரவையில் இருக்கிறது. மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வும் செய்கிறது. எங்கள் உறுப்பினர் விடவில்லை. அந்த உறுதிமொழி என்ன ஆயிற்று என்று கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மானியக் கோரிக்கையில் பேசக் கிடைத்த சில நிமிடங்களில் மறுபடியும் மூன்றாம் கண்ணைச் சொன்னார். இரண்டாவது கோடையில், மே மாதம், புதுக் கதவு வந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது நான் போய் நின்றேன். தட்டிப் பார்த்தேன், மணிபோல ஒலித்தது.

இதை ஒரு தனி மனிதரின் பெருமையாக எழுதவில்லை. அவரிடம் எனக்குக் குறைகளும் உண்டு. அவருடைய கட்சி வெளிநடப்புச் செய்த நாட்களில் அவரும் கூடவே வெளியே வந்துவிட்டார். அதில் ஒரு நாள் எங்கள் வடிகால் பற்றிய அவருடைய கேள்வி பட்டியலில் இருந்தது. கேள்வி போயிற்று. கட்சிக் கட்டுப்பாடு என்றார். எனக்கு ஒப்பவில்லை, அதை அவரிடம் நேரிலேயே சொன்னேன். பேரவை ஓராண்டில் கூடும் நாட்களே குறைவு. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதோடு அரசியல் சட்டம் நிறுத்திக்கொள்கிறது. அனுமதி பெறாமல் அறுபது நாட்கள் வராவிட்டால் இடத்தையே காலியென அறிவிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இருக்கிற கொஞ்ச நாட்களிலும் வெளியே போய் முழக்கமிட்டால் கடைமடைக்காரன் யாரிடம் போவான்?

அந்த மண்டபத்தில் நடப்பது வெறும் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். ஹைட்ரோகார்பன் கிணறு வருமோ வராதோ என்று நம் ஊர்களில் பெண்கள் பந்தலில் உட்கார்ந்து போராடிய காலம் மறந்துவிடவில்லை. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் 2020 பிப்ரவரியில் அந்த மண்டபத்தில்தான் நிறைவேறியது. அதில் எது போதும், எது போதாது என்று விவாதித்தவர்களும் அங்கே இருந்த உறுப்பினர்கள்தான். நம் வயலுக்கு மேலே யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்பதைச் சட்டம் இயற்றி முடிவு செய்கிற இடம் அது. அங்கே பேசியதற்காக எந்த நீதிமன்றத்திலும் ஓர் உறுப்பினர்மேல் வழக்குப் போட முடியாது என்று 194-ஆவது பிரிவு அவருக்குக் காப்பு கொடுத்திருக்கிறது. அந்தக் காப்பு இங்கே கல்யாண மண்டபத்தில் கிடையாது.

குறை நம்மிடமும் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரின் வேலை எது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் பயணியர் நிழற்குடை கட்டிப் பெயர் எழுதினால் வேலை செய்கிறார் என்கிறோம். நிழற்குடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மழையில் நனைகிறார்கள். ஆனால் அவர் அலுவலகத்து வாசலில் ஒரு திங்கட்கிழமை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மகனுக்கு மாறுதல், மருமகளுக்கு வேலை, கல்லூரியில் இடம், பங்காளி வரப்பை வெட்டிவிட்டான், காவல் நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். கையில் மனு கொண்டுவந்தவர்களில் ஆற்றைப் பற்றியோ வாய்க்காலைப் பற்றியோ, கொள்முதல் நிலையத்தில் நனைந்த நெல்லைப் பற்றியோ எழுதியவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு மனுக்களிலும் "வாய்க்காலைத் தூர்வாரித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. எந்த வாய்க்கால், எந்த மதகிலிருந்து எந்த மதகுவரை, எத்தனை கிலோமீட்டர், கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், எத்தனை ஏக்கர் பாய்கிறது? இவை இல்லாத தாளை வைத்துக்கொண்டு அவர் அவையில் எழுந்து என்ன கேட்பார்? துணைக்கேள்வியில் அமைச்சர் திருப்பிக் கேட்டால் வாயடைத்துத்தான் உட்கார வேண்டும்.

பேரவையின் மனுக்கள் குழு நம் மாவட்டங்களுக்கு வருமுன் ஆட்சியர் செய்தி வெளியிடுவார். ஐந்து நகல்கள், தமிழில், தேதியிட்டுக் கையொப்பத்தோடு. மனு பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், பல ஆண்டுகளாகத் தீராததாக இருக்க வேண்டும், ஒரு துறையைச் சேர்ந்த ஒரே பிரச்சினையாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, வேலை கேட்பது, வங்கிக் கடன் கேட்பது கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். உறுப்பினரிடம் கொடுக்கும் மனுவையும் அந்த முறையில் எழுதினால் போதும். எங்கள் ஊரில் இப்போது நானும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் நூறு நாள் வேலையில் வாய்க்கால் வெட்டிய பெண்கள் நால்வரும் சேர்ந்து, அறுவடைக்கு முன்பே ஆற்றோரம் நடந்து ஒவ்வொரு மதகையும் எழுதுகிறோம். அந்தப் பெண்களுக்கு எந்த இடத்தில் மண் சரிகிறது, எங்கே கோரை மண்டுகிறது என்பது காலால் தெரியும். தை பிறந்ததும் பட்டியல் உறுப்பினர் கையில் இருக்கும். கேள்விகளுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும் என்பதால் மார்ச்சில் போய் நின்று பயனில்லை.

உறுப்பினருக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டத்தொடர் முடிந்ததும் என்னென்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, எது பதிலில்லாமல் நிற்கிறது என்று ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள் என்று தெரியாததால்தான் இங்கே ஏன் இல்லை என்று கேட்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, கடைசியாக உங்களிடம். பேரவையில் அமளி என்றால் முதல் பக்கத்தில் படத்தோடு வருகிறது. யார் யாரைப் பார்த்து விரலை நீட்டினார், யார் வேட்டியை மடித்துக் கட்டினார் என்பதெல்லாம் வருகிறது. டெல்டா மாவட்டங்களின் உறுப்பினர்கள் அன்று கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு வந்த பதில்களும் வருவதில்லை. அன்று எங்கள் மதகைப் பற்றிய கேள்வி மறுநாள் எந்த நாளிதழிலும் ஒரு வரிகூட வரவில்லை. நான் மூன்று நாளிதழ்களை வாங்கித் தேடினேன். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் உங்கள் தஞ்சைப் பதிப்பில் ஆறாம் பக்கத்தில் அரைப் பத்தி ஒதுக்குங்கள். ஊர்ப் பெயர், கேள்வி, பதில், அவ்வளவு போதும். தினமும் அதை வெட்டி எங்கள் ஊர்ப் படிப்பகத்துப் பலகையில் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பசையும் என் செலவு. வெளிநடப்பில் தவறிப்போன வடிகால் கேள்விக்கு அவர் மறுபடியும் அறிவிப்புக் கொடுத்திருக்கிறார். அதற்கான அளவுகளைச் சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் எழுதிக் கொடுத்தேன். நீளம் இரண்டரைக் கிலோமீட்டர், நான்கு இடங்களில் கரையே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசன லஸ்கர்,
வெண்ணாற்றுக் கடைமடை.